விமலா அக்கா திருப்பிக் கொடுத்த சதுரக் காசு

அலோர் ஸ்டார் விமலா அக்கா தவறிவிட்டார். மாரடைப்பாம்… நேற்றுக் காலை எங்கள் காசு சேகரிப்பாளர் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது.

அதற்கு அடியிலேயே ஒருவர் கேட்டிருந்தார். "எந்த விமலா? அந்த ரிட்டர்ன் கேஸ் அக்காவா?"

அந்தப் பெயர் அக்காவுக்கு வரக் காரணம் நான்தான். அதனால்தான் இதை எல்லாரும் பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன்.

அக்கா ஓர் அரசாங்க ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. தங்கம், வெள்ளி எதுவும் வேண்டாம், பழைய மலாயா சில்லறைக் காசுகள் மட்டும்தான் சேர்ப்பார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் மெசேஜ் வரும். "தம்பி, சாப்டாச்சா? புதுசா என்ன வெச்சிருக்கீங்க?"

நான் சுங்கை பட்டாணியில் ஒரு பேக்டரியில் டெக்னீஷியன். பகுதி நேரமாக ஆன்லைனில் கிரேடட் காசு விற்கிறேன். அதாவது ஒரு கம்பெனி காசைச் சோதித்து, மார்க் போட்டு, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஹோல்டரில் வைத்து சீல் பண்ணிக் கொடுக்கும். அந்த ஹோல்டரில் விரிசல் விழுந்தால், உள்ளே இருப்பது அதே காசுதானா என்று சந்தேகம் வந்துவிடும்.

ஒருமுறை பார்சலை மாற்றி அனுப்பிவிட்டேன். கோலா கெத்திலில் ஒருவருக்குப் போக வேண்டிய காசு, அக்கா வாங்கியதைவிட ரொம்ப உசத்தி, அக்கா கைக்குப் போய்விட்டது.

பிரித்த உடனே போன் பண்ணினார். "தம்பி, இது என்னோடது இல்ல. அந்த ஆளு தேடிக்கிட்டு இருப்பாரு, அட்ரஸ் குடுங்க, நானே அனுப்பிடறேன்." அன்றே அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

போன வருஷம் ஒரு சதுர ஒரு சென் காசு வாங்கினார். அவருடைய வரிசையில் அது ஒன்றுதான் குறை. கிடைத்த மறுநாளே மெசேஜ்… ஹோல்டர் மூலையில் முடி மாதிரி விரிசல் இருக்கிறது, ரிட்டர்ன் எடுத்துக்கொள்ள முடியுமா?

"நான் அனுப்பறப்ப நல்லாத்தான் இருந்துச்சு கா. உங்க கையில ஏதாச்சும் ஆயிருக்கும் லா" என்று எழுதினேன். கூரியரைக்கூடச் சந்தேகப்படவில்லை, நேராக அவரைத்தான் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறி சுங்கை பட்டாணிக்கே வந்துவிட்டார். பஸ் ஸ்டேஷன் பக்கத்து மாமாக் டீக்கடையில் உட்கார்ந்தோம். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த ஹோல்டரை எடுத்து, போன் லைட்டை அடித்துக் காட்டினார்.

"நான் தொறக்கல தம்பி. தொறக்கணும்னா எதுக்கு இவ்ளோ தூரம் தூக்கிட்டு வரப்போறேன்?"

காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மாற்றியிருப்பாரோ என்று. அவர் எதிரிலேயே. அவருடைய தே ஓ, பாலில்லாத டீ, ஆறிப்போனது.

ரிட்டர்ன் எடுத்துக்கொண்டேன், பணத்தையும் கொடுத்துவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம்.

வீட்டுக்குப் போனதும் குரூப்பில் போட்டேன். "செல்லர்ஸ் கவனம். ஹோல்டரை நோண்டிவிட்டு ரிட்டர்ன் கேட்கிறார்கள்." கீழே அவர் பெயர். விரிசலின் படம்.

நான்கு பேர் அவரை பிளாக் பண்ணினார்கள், பண்ணியதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தார்கள். அக்கா ஒரு வார்த்தை எழுதவில்லை, குரூப்பைவிட்டு வெளியேறிவிட்டார்.

சில மாதம் கழித்து, போனில் இடம் இல்லையென்று பழைய வீடியோக்களை அழித்துக்கொண்டிருந்தேன். பேக் பண்ணும்போது எடுக்கிற வீடியோக்கள்… எடுப்பேனே தவிரப் பார்ப்பதில்லை.

அதில் அந்தச் சதுரக் காசும் இருந்தது. நான் ஹோல்டரைத் திருப்பும்போது கட்டைவிரல் கொஞ்சம் நகர்கிறது. அடியில் அதே மூலை, அதே விரிசல்.

என் கையைவிட்டுப் போகும் முன்பே அது உடைந்திருந்தது.

குரூப்பில் போட்டதை அழித்தேன். ஏன் அழித்தேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. அக்காவுக்கு மெசேஜ் டைப் பண்ணி, டைப் பண்ணி, அனுப்பாமலே விட்டேன்.

அப்புறம் அலோர் ஸ்டாரில் நடந்த ஒரு காசுக் கண்காட்சிக்கு அக்கா நேரிலேயே வந்தார். என் மேசை முன் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார், எதையும் கையில் தொடவில்லை.

"தம்பி, இந்த ஹோல்டர்ல கீறல் இருக்கு. போட்டோவுல தெரியற மாதிரி போடுங்க, வாங்கறவங்களுக்கு அப்புறம் சிரமம்."

"சரி கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பக்கத்தில் வேறு செல்லர்கள் நின்றார்கள்… அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

நேற்று மதியம் லீவு போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் வாசலில் கூடாரத்துக்கு அடியில் நின்றிருந்தார். யார் என்று கேட்டார். காசு சேர்க்கிற கூட்டாளி என்றேன். அப்படியே நின்றுவிட முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கூடாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"போன வருசம் ரெண்டு வாரம் அவ சரியா சாப்புடல. ஆபீஸ்ல ஏதாச்சும் பிரச்சனையான்னு கேட்டேன், ஒண்ணுமில்லன்னா. அது இதுதானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் திட்டவில்லை. ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், அவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். நான் உள்ளே போய் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த வீடியோவைக் கீழே போட்டிருக்கிறேன். குரூப்பிலும் போட்டுவிட்டேன். அவரை பிளாக் பண்ணிய நான்கு பேரும் பார்த்துக்கொள்ளுங்கள். விமலா அக்கா எந்த ஹோல்டரையும் திறக்கவில்லை.

மன்னிப்பு இங்கே கேட்டு என்ன அக்கா, நீங்கள் படிக்கப்போவதில்லை.

போய் வாருங்கள், அக்கா.