ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

அந்தச் சின்ன வாய்ஸ் ரெக்கார்டர் இன்னமும் என்னிடம் இருக்கிறது. பேட்டரி மூடி தொலைந்துபோனதால் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அதைக் கையில் எடுத்தாலே சமயநல்லூர் மில்காரர் ஞாபகம் வரும், கூடவே கோபமும் வரும். என் முனைவர் பட்டத்தையே கவிழ்க்கப் பார்த்த மனிதர் என்றுதான் போன வாரம்வரை அவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்தும் தொழில்களில் சில மட்டும் ஏன் உடையாமல் நிற்கின்றன என்பது என் ஆய்வு. படிவம் கொடுத்து நிரப்பி வாங்குகிற வேலை இல்லை. நாலே நாலு நிறுவனங்களை எடுத்து, மாதக்கணக்கில் கூடவே இருந்து, ஒன்றில் கண்டது மற்றதிலும் இருக்கிறதா என்று பார்த்து, அதிலிருந்து ஒரு கோட்பாட்டைக் கட்டவேண்டும். கேஸ் ஸ்டடி என்பார்கள். நாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவையாக இருந்தால்தான் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு.

முதலாவது, பழங்காநத்தத்தில் ஒரு லேத் பட்டறை. பட்டறைக்காரரே மற்ற மூன்று பேருக்கும் போன் போட்டு என்னை அனுப்பினார். மதுரைப் பக்கம் தெரிந்தவர் சொல்லாமல் எந்த முதலாளியும் முன்பின் தெரியாத பெண்ணிடம் வீட்டுக் கதை பேசிவிடமாட்டார். நாலாவதாக வந்தவர்தான் அரிசி மில்காரர். நாலு பேரும் ஒன்றையே சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம், வாரம் பூராவும் சேர்ந்த மனத்தாங்கல் அங்கேயே தீர்ந்துவிடும் என்று. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோட்பாட்டுக்குப் பெயரே வைத்துவிட்டேன்.

ஆனால் சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம். வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன். மில்காரரோ நான் கேள்வியை முடிக்கும் முன்பே பதிலைச் சொன்னார், அதுதான் உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே ஆளுயரச் சுவர். மில்காரர் தனியாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே பொய் சொன்னீங்க?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டேன்.

அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "பழங்காநத்தத்து மச்சான்தான் போன் போட்டாரு. 'அந்தப் புள்ள ஞாயித்துக்கெழமச் சாப்பாட்டத்தான் கேக்கும், இருக்குன்னு சொல்லிரு'ன்னாரு. படிக்கிற புள்ள இம்புட்டுத் தூரம் தேடி வந்திருக்கு, ஒண்ணுமில்லன்னு அனுப்ப மனசு வருமா தங்கச்சி? தம்பி என்கூடப் பேசி ரெண்டு வருசமாச்சுன்னு ஒங்கிட்டச் சொல்லவா?"

மச்சான் என்றதும்தான் எனக்கு உறைத்தது. விசாரித்தால் நாலு பேரும் கொண்டான் கொடுத்தான் வழியில் சொந்தம். மற்ற மூவரையும் அப்போதே தூக்கிப் போட்டிருக்க வேண்டும். போட்டால் மூன்று வருட உழைப்பும் பட்டமும் போய்விடும். பயந்துவிட்டேன். மில்காரரை மட்டும் நீக்கிவிட்டு, 'நம்பத்தகாத தகவலாளி' என்று அடிக்குறிப்பு எழுதினேன். மகள் கல்யாணத்துக்கு அவர் பத்திரிகை அனுப்பியபோதும் நான் போகவில்லை.

இப்போது நானே கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பேட்டி எடுப்பது எப்படி என்று மாணவர்களுக்குக் காட்டுவதற்காகப் போன வாரம் பட்டறைப் பதிவைப் போட்டுக் கேட்டேன். லேத் இரைச்சலுக்கு நடுவே என் பழைய குரல், நீங்கள் ஏன் பிரியவில்லை என்று கேட்கிறது.

"தெரியலையேம்மா. பிரியணும்னு தோணல" என்கிறார் பட்டறைக்காரர்.

நான் விடவில்லை. "ஞாயித்துக்கெழமையாச்சும் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவீங்கள்லண்ணே? மனசுல இருக்கிறதப் பேசித் தீத்துக்குவீங்கள்ல?"

அவர் சிரிக்கிறார். "சரி, சாப்பிடுவோம்னு வச்சுக்கயேன். அதுக்கென்ன."

அலமாரியிலிருந்து ஆய்வேட்டை எடுத்து அந்தப் பேட்டி இருக்கும் பக்கத்தைப் புரட்டினேன். நான் கேட்டது அதில் இல்லை. அவர் சிரித்தது இல்லை. அவர் வாய்ச்சொல்லாக நான் எழுதியிருந்தது, 'சாப்பிடுவோம்' என்பது மட்டும்தான். ரெக்கார்டருக்கு மறுபடியும் ரப்பர் பேண்டைப் போட்டேன். மில்காரர் வீட்டு வாசலில் நின்று நான் கேட்ட கேள்வியை இதுவரை என்னிடம் யாரும் கேட்கவில்லை.