கீழ்க் கோடு

பக்கத்து வீட்டுக்காரியின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இருந்ததில்லை, என் மகள் மாலைகளில் அங்கே போய் இருக்கத் தொடங்கும்வரை. எங்கள் டிஷ்ஷைச் சோளகக் காற்று திருப்பிவிட்டிருந்தது. ரீவியில் படம் இல்லை. பாட்டுப் போட்டி பார்க்கப் போகிறேன் என்பாள். போட்டி முடிந்த பிறகும் வேலிக்கு அப்பால் அவள் சிரிப்பது கேட்கும். என்னோடு இருக்கும்போது அப்படிச் சிரிப்பதில்லை.

காரணம் எனக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன் யாழ்ப்பாணம் போகும் தாம்போதியில், இரண்டு பக்கமும் கடல், பஸ் ஒன்றுக்கு விலகப்போய் ஸ்கூட்டியோடு விழுந்தாள். அவளுக்கு முழங்கால் ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை. அவள் வாசல் படலையடிக்குப் போனாலும் "கவனம்" என்று வாய் சொல்லிவிடும்.

டிஷ்ஷைச் சரிசெய்தால் வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். திருத்துகிறவரைக் கூப்பிடுவோம் என்றேன். அதற்குள் அவள் ஏணியை எடுத்துவிட்டாள். குசினிக்கு மேலே கொங்கிரீட் தட்டில் நின்று டிஷ்ஷை மெல்லத் திருப்புவது அவளுடைய வேலை. ரீவியில் சிக்னல் எவ்வளவு என்று பார்த்துக் கத்துவது என்னுடையது. திரையில் இரண்டு கோடுகள். மேல் கோட்டில் எண்பது இருந்தது. எண்பது என்று கத்திவிட்டு யன்னலுக்கு ஓடினேன். தட்டின் விளிம்பில் அவளுடைய குதிக்கால் தெரிந்தது.

"காணும், இறங்கு பிள்ளை."

"அம்மா, நம்பரைச் சொல்லுங்கோ."

யன்னலில் நின்றபடியே திரும்பவும் எண்பது என்றேன். பிறகு வேலிப் பக்கம் பார்த்து அவள் கூப்பிட்டாள்.

"அன்ரி, ஒருக்கா வாங்கோவன். அம்மாவாலை ஏலாது."

பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். "அக்கா, உங்கடை பிள்ளையை யன்னலிலை பார்த்தது காணும். இஞ்சை ரீவியைப் பாருங்கோ" என்று சிரித்தாள். டிஷ் எந்தப் பக்கம் பார்த்தாலும் மேல் கோடு பெரிதாக மாறாதாம். சரியான திசைக்கு வந்ததா என்பதைக் கீழ்க் கோடுதான் காட்டுமாம். கீழ்க் கோடு வெறுமையாகக் கிடந்தது. அதை நான் பார்க்கவேயில்லை.

பன்னிரண்டு என்றாள், முப்பது என்றாள், குறையுது, கொஞ்சம் திருப்பி விடு என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அந்தக் குரலுக்கு என் பிள்ளை மேலே அசைந்துகொண்டிருந்தாள். அறுபது தாண்டியதும் படம் வந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அன்றைய போட்டியை எங்கள் வீட்டில்தான் பார்த்தார்கள். என் கதிரையில் அவள், அவள் காலடியில் என் மகள். நான் தேத்தண்ணீர் போட்டேன்.

அடுத்த கிழமை காற்று மறுபடியும் டிஷ்ஷைத் திருப்பியது. மகள் ஏணியில் ஏறி வேலிப் பக்கம் வாயைத் திறக்குமுன், நான் ரிமோட்டோடு ரீவிக்கு முன்னால் குந்திவிட்டேன். யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மேலே கால் உரசும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணைக் கீழ்க் கோட்டிலேயே வைத்திருந்தேன்.

"பத்து" என்றேன். "இருபத்தஞ்சு. அதே பக்கம், இன்னும் கொஞ்சம்."

'கவனம்' தொண்டை வரை வந்தது. நாற்பது என்றேன், வேலிக்கு அப்பாலும் கேட்கட்டும் என்று, பலமாகவே.