விற்றமின் என்று எழுதிய கவர்

நோர்வூட்டில் ஒரு பாமசியில் இருபத்திரண்டு வருடமாக மருந்து கொடுக்கிறேன். வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்கிற கதைகளில் பெரும்பாலும் மற்றவர்களின் தவறுகள்தான் இருக்கும். இது என்னுடையது. சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன். ஆனாலும் மகள் வாசலில் நடந்து வரும்போது ஒரு செருப்பு மட்டும் இழுபடுகிறதா என்று இன்றைக்கும் காது கொடுத்துக் கேட்கிறேன்.

1. தைலம்

சுபா என் ஒரே மகள். இருபத்துநான்கு வயது, தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. போன வருடம் மழையில் பாடசாலைப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு வெடித்தது. ஆறு வாரம் பிளாஸ்டர். கழற்றிய மறுநாள் கெண்டைக்கால் வலிக்கிறது, வீங்கியும் இருக்கிறது என்றாள். கட்டிப் போட்ட கால் அப்படித்தான் இருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லி, கடையிலிருந்து தைலம் கொண்டுபோய் இரண்டு நாள் அழுத்தித் தேய்த்தும் விட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அந்தக் காலில் சப்பாத்து ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் செய்து, காலின் ஆழத்தில் ஓடும் நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள்.

"தேச்சீங்களா?" என்று வார்ட் டொக்டர் கேட்டார். தலையாட்டினேன்.

"அந்தக் கட்டி கழண்டு நெஞ்சுக்குப் போயிருந்தா இப்ப நாம இங்க நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்டோம்." அவர் சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

வயிற்றில் ஊசி, அதன் பிறகு இரத்தம் கட்டாமல் இருக்க வோபரின் மாத்திரை. ஆறு மாதம் போட வேண்டும். மாதாமாதம் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை. அந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் இரத்தம் மறுபடி கட்டும், கூடினால் கசியும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். கவுண்டரில் நின்று எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொன்னதில் என் தலையில் நின்றது இரண்டே சொல்: "திரும்ப வரலாம்."

2. ஆளுக்குப் பாதி

எங்கள் கடைக்கு அடிக்கடி வரும் பாக்கியக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவர். அவருக்கும் கொலஸ்ட்ரோல், கணவருக்கும் கொலஸ்ட்ரோல். கிளினிக்கில் இருவருக்கும் தனித்தனியாக மாத்திரை கொடுக்கிறார்கள். வீட்டில் ஒரு கார்டை, அதாவது ஒரு மாத்திரை அட்டையை, மட்டும் வைத்துக்கொண்டு ஆளுக்குப் பாதி மாத்திரை போடுவார்கள். மற்றக் கார்டு அடுத்த லயத்து வீட்டிலிருக்கும் அண்ணனுக்குப் போய்விடும். எங்கள் பக்கத்து வீடுகளில் மாத்திரையும் உப்பு, மிளகாய்த்தூள் மாதிரிதான். கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது.

"அண்ணனுக்கு ஏங்கக்கா குடுக்குறீங்க?"

"அவருக்கும் கொழுப்புதானே தங்கச்சி."

"டெஸ்ட் பண்ணிப் பாத்தாரா?"

"அதுக்கு டெஸ்ட் வேறயா? அவரு பேசுறதக் கேட்டாத் தெரியாதா."

"சரி, நீங்க ரெண்டு பேரும் ஏன் பாதி பாதியா போடுறீங்க?"

"ஒரே அடுப்பு, ஒரே கறி. ஒரே மாத்திர போதாதா?"

நான் விடமாட்டேன். வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி பிரசங்கம் செய்வேன். ஒருவருடைய மாத்திரையை இன்னொருவர் தொடக்கூடாது. மருந்துக் கவரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்க வேண்டும். பாக்கியக்கா பணிவாகத் தலையாட்டிவிட்டுப் போய், அன்றைக்கும் மாத்திரையை இரண்டாக உடைப்பார்.

3. இரண்டு காவல்

ஒரு நாள் மருந்துக் கம்பனி ரெப் ஒருவர் கடைக்கு வந்தார். தேநீர் குடித்துக்கொண்டே, கொலஸ்ட்ரோல் மாத்திரை போடுகிறவர்களுக்கு நாளங்களில் இரத்தம் திரும்பக் கட்டுவது குறைவாக இருக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள், ஆராய்ச்சி நடக்கிறது என்றார். "இன்னும் முடிவா சொல்லல்லீங்க" என்றும் சொன்னார். அதற்குள் என் காது மூடிவிட்டது.

மூன்று வருடமாக நானே ரோசுவாஸ்டட்டின் என்ற கொலஸ்ட்ரோல் மாத்திரை போடுகிறேன். அன்று என் கார்டிலிருந்து பத்து மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்தேன். கடை முத்திரை போட்ட கவரில் போட்டு, அழகான எழுத்தில் "விற்றமின். இரவு 1" என்று எழுதினேன். இத்தனை வருடத்தில் நான் எழுதிய ஒரே பொய்க் கவர் அது.

"என்ன விற்றமின்மா?" என்றாள் சுபா.

"நல்ல விற்றமின்."

"பேரு இல்லையா அதுக்கு?"

"மருந்துக் கடையில நிக்கிறது நானா நீயா? போடு."

போட்டாள். வாசலில் இரண்டு காவல்காரர்களை நிறுத்திவிட்டதுபோல நான் நிம்மதியாகத் தூங்கினேன். கவர் காலியாகக் காலியாக நிரப்பினேன். என் மாத்திரை தீர்ந்தபோது கடையில் கூடுதலாக ஒரு கார்டும் வாங்கிக்கொண்டேன்.

4. இளஞ்சிவப்பு

நாலாவது வாரம் சுபா பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தது. புது பிரஷ் என்றாள். எனக்கும் அதை நம்பத்தான் பிடித்திருந்தது. அந்த வாரமே கிளினிக் நாள். பிரஷருக்கு மருந்தெடுக்க வந்திருந்த பாக்கியக்கா எங்களுக்குப் பின்னால் வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

சுபாவின் ஐ.என்.ஆர். ஐந்தைத் தாண்டியிருந்தது. கிளினிக் டொக்டர் இளம் பெண். தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கீரைய நிப்பாட்டினாலும் இது கூடும். நிப்பாட்டிட்டீங்களா?"

"இல்ல டொக்டர்."

"புதுசா ஏதும் மாத்திர?"

"இல்ல டொக்டர்," என்றாள் சுபா, நல்ல மனதோடு. அவளைப் பொறுத்தவரை விற்றமின் என்பது மாத்திரையே இல்லை, அம்மாவின் தொல்லை.

"அப்ப வோபரின் அளவக் கொறைக்கிறேன்." டொக்டர் பேனாவை எடுத்தார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வீட்டுக்குப் போனதும் கவரைத் தூக்கி எறிந்துவிடலாம். அப்படித்தான் முதலில் கணக்குப் போட்டேன். அடுத்த நொடியே கடைப் புத்தி விழித்தது. கவரை நிறுத்தினால் எண் தானாக இறங்கும். அதோடு வோபரினும் குறைந்திருந்தால் இரண்டுக்கும் கீழே போய்விடும். அந்தக் காலில் மறுபடியும் கட்டும். இந்த முறை தைலத்தின்மேல்கூடப் பழி போட முடியாது.

"டொக்டர், எழுதாதீங்க. அவ ஒரு விற்றமின் போடுறா."

சுபா மருந்துப் பையிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தாள். டொக்டர் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டினார். சின்னது, உருண்டை, இளஞ்சிவப்பு.

"இந்த விற்றமினத்தான் எங்க அப்பாவும் போடுறாரு," என்றார். "கொலஸ்ட்ரோலுக்கு."

கவரிலிருந்த கடை முத்திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சுபாவும் என்னைப் பார்த்தாள். ரெப் சொன்னதைச் சொன்னேன். "திரும்ப வந்துருமோன்னு பயமா இருந்துச்சு டொக்டர்," என்றேன்.

டொக்டர் ஏசவில்லை. "அந்த ஆராய்ச்சி பத்தி எனக்கும் தெரியும். நாளைக்கு ஏதாவது தெளிவா வரலாம். ஆனா இன்னிக்கு இது வோபரினுக்குப் பதில் இல்ல. அதோட, கூடப் போட்டா இந்த மாத்திர வோபரினோட வேகத்தக் கூட்டிரும். அதான் ஈறுல ரத்தம். தலைக்குள்ள கசிஞ்சிருந்தா?"

கவரை நிறுத்தச் சொன்னார். வோபரினையும் இரண்டு நாள் நிறுத்திவிட்டு, பழைய அளவிலேயே தொடங்கி, அந்த வாரத்துக்குள் மறுபடி இரத்தம் பார்க்கச் சொன்னார்.

எழுந்து திரும்பினால் பாக்கியக்கா. "ஏன் தங்கச்சி, நாங்களாச்சும் ஆளுக்குப் பாதி. நீங்க முழுசாவே குடுத்துட்டீங்களே."

5. யாருக்கெல்லாம் பங்கு

திரும்பி வரும் பஸ் ஹட்டனைத் தாண்டும்போது சுபா கேட்டாள்.

"தைலம் தேச்ச. இதக் குடுத்த. அடுத்து என்னமா பண்ணப் போற?"

"ஒன்னும் பண்ணப் போறதில்ல."

"அதப் பண்ணு. ஒனக்கு அதுதான் கஷ்டம்."

அடுத்த பரிசோதனையில் எண் இரண்டரையில் வந்து நின்றது. ஆறு மாதம் முடிந்ததும் வோபரினை நிறுத்தினார்கள். திரும்ப வருமா என்றால், வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வீங்கினால், வலித்தால், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

கவுண்டரில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம், "வேறு யார் மாத்திரையும் போடுறதில்லையே?" என்று அதட்டுவேன். எல்லோரும் இல்லை என்பார்கள். இப்போது என் கதையை முதலில் சொல்லிவிட்டு, "இந்தக் கார்டுல யாருக்கெல்லாம் பங்கு?" என்று கேட்கிறேன். விரல்விட்டு எண்ணிச் சொல்கிறார்கள். பாக்கியக்காவின் அண்ணன்கூட டெஸ்ட் செய்துவிட்டார். அவருக்குக் கொழுப்பு இல்லையாம். பாக்கியக்கா இன்னும் நம்பவில்லை.

என்னுடைய கார்டின் பின்புறத்தில் இப்போது பெயர் எழுதியிருக்கிறது. கரும்பலகையில் எழுதுவதுபோலத் தெளிவாக, மாக்கர் பேனாவால், சுபாவின் கையெழுத்தில்: "அம்மாவுக்கு மட்டும்." ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் எத்தனை மீதி என்று அவளே எண்ணிப் பார்க்கிறாள்.