ஐந்தாவது குடம்

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வருஷம், வீட்டில் சொல்லாமல், வேலையில்லாதவர் பட்டியலில் பெயர் பதியச் செங்கல்பட்டுக்குப் போனேன். "இப்போ என்ன செய்யறே?" என்றார் குமாஸ்தா. அண்ணன்கள் நால்வரோடு கடலோரத்தில் சவுக்குக் கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதாக, மடையன் நான், பெருமையாகச் சொன்னேன். "அப்போ உனக்குத்தான் வேலை இருக்கே" என்று பதிவேட்டை மூடிவிட்டார்.

மாமல்லபுரம் தாண்டி மணலில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. இளஞ்சவுக்குகள் உப்புக்காற்றில், தூக்கத்தில் அசைவதுபோல் அசைந்தன. என் வரிசை காய்ந்து கிடக்கும் என்று குனிந்து தொட்டுப் பார்த்தேன். எல்லாக் கன்றின் அடியும் ஈரமாக இருந்தது.

மற்ற மூன்று அண்ணன்களோடு காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்த பெரிய அண்ணன், "அஞ்சு பேருமா சேந்து இன்னிக்கி வெளிச்சத்துலயே முடிச்சிட்டோம் பாரு" என்றார்.

நான் சலவைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன்.