சுகம் கிடைக்குமுன்னே சொன்ன சாட்சி

என் மகள் ஜெபா முதல்தடவை விழுந்தது எங்க வேதக்கோயில் அசன விருந்தன்னைக்கு. தொண்ணூற்றி நாலோ அஞ்சோ இருக்கும். ஊரே பந்தியில உட்கார்ந்திருக்கு. சோத்து வாளியைத் தூக்கிட்டு ஆளுங்க அங்கனயும் இங்கனயும் ஓடுதாங்க. ஏழாம் வகுப்பு படிக்கிற பிள்ளை இலை மேலயே சாய்ஞ்சா. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில நுரை. யாரோ ஒரு சாவிக்கொத்தை அவ கையில திணிச்சாங்க. பின்னால ஒரு குரல் கேட்டது: "பொம்பளப் பிள்ளையாச்சே, இனி எவன் கட்டுவான்?" பிள்ளைக்கு இன்னும் நினைவு திரும்பல. அதுக்குள்ள கல்யாணப் பேச்சு!

பாளையங்கோட்டையில ஒரு டாக்டர் பார்த்து மாத்திரை குடுத்தாரு. வருஷக்கணக்கா சாப்பிடணும், நீங்களா நிறுத்தக் கூடாதுன்னு கண்டிப்பா சொன்னாரு. வலிப்பு குறைஞ்சது, ஆனா நிக்கல. ஞாயித்துக்கிழமை கோயில்ல நாங்க போய் உட்கார்ந்தா அந்த பெஞ்சில இருந்தவங்க பைய நகர்ந்து உட்கார்ந்தாங்க. நான் முழங்கால் போட்டு அழுதேன். தினமும் அழுதேன். வானம் இரும்பா இருந்த மாதிரி இருந்தது. ஆண்டவர் கேட்கலையோ, கேட்டும் திரும்பிப் பார்க்கலையோன்னு நினைச்சு நினைச்சு நெஞ்சு செத்துப் போச்சு.

அந்த நேரத்துலதான் பக்கத்து வீட்டு அக்கா என்னை ஒரு உபவாச ஜெபத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தகரக் கொட்டகை. அதை நடத்துனவரை எல்லாரும் அண்ணன்னுதான் கூப்பிட்டாங்க. மெதுவாப் பேசுவாரு. ஜெபா தலையில கை வச்சு அவரும் அழுதாரு. "விசுவாசிச்சாப் போதும், அம்மா"ன்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்துட்டேன். காணிக்கைன்னு அவர் வாய் திறந்ததே இல்ல. பணம் கேட்டிருந்தா அன்னைக்கே முழிச்சிருப்பேன்.

அடுத்த வாரமே பிள்ளைக்கு வலிப்பு வந்தது. போய்ச் சொன்னேன். "காதுல என்ன?"ன்னு கேட்டாரு. கம்மலைக் கழட்டினோம். மறுபடியும் வந்தது. "நீங்க எடுத்தது குழந்தை ஞானஸ்நானம், அது செல்லாது"ன்னாரு. நானும் மகளும் தாமிரபரணியில இறங்கி முழுகி எழுந்தோம். மறுபடியும் வந்தது. அப்போ என் கழுத்தைப் பார்த்தாரு. சிலுவை போட்ட தாலி, என் கல்யாணத்தன்னைக்கு எங்க போதகர் ஐயர் ஜெபம் பண்ணிக் குடுத்தது. அதையும் கழட்டினேன். வலிப்பு வரும்போதெல்லாம் ஒரு சட்டம் கூடிச்சு. சிலுவையில எல்லாம் முடிஞ்சதுன்னு சின்ன வயசுல இருந்து பாடினவ நான். அது எனக்கு மட்டும் முடியலையோன்னு நம்ப ஆரம்பிச்சேன்.

என் வீட்டுக்காரர் மில்லுல வேலை முடிஞ்சு வந்து என் வெறுங்கழுத்தைப் பார்த்தாரு. கத்தல. "நான் உயிரோடதானே இருக்கேன்?"ன்னு மட்டும் கேட்டுட்டுத் தின்னாமக் குடிக்காமப் படுத்துட்டாரு.

கடைசியா மாத்திரை. "ஒரு கையில மாத்திரை, ஒரு கையில விசுவாசம், எப்படிம்மா?"ன்னு கேட்டாரு அண்ணன். நிறுத்திட்டேன். அதோட விடல. பெரிய கூட்டம் ஒண்ணு வருது, அதுல நீங்க ஏறி சுகம் கிடைச்சதுன்னு சொல்லணும், வாயால அறிக்கை பண்ணினாத்தான் சுகம் நிலைக்கும்னாரு. "இன்னும் நிக்கலையே அண்ணே"ன்னு இழுத்தேன். "கண்ணால பார்த்துட்டுச் சொன்னா அது விசுவாசமா?"ன்னு மடக்கினாரு. மேடையில ஏறிச் சொன்னேன். ஜெபா என் பக்கத்துல நின்னா. கூட்டம் கை தட்டி ஸ்தோத்திரம் சொன்னது. அவ என் முந்தானையை இறுக்கிப் பிடிச்சிருந்தா.

பிரியமானவங்களே, அதுக்கப்புறம் வலிப்பு வரல! வாரம் போச்சு, இன்னொரு வாரம் போச்சு, வரல. நான் தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். வீட்டுக்காரர்கிட்ட, "இப்போ என்ன சொல்லுதீரு?"ன்னு நக்கலாக் கேட்டேன். அவர் பிள்ளையையே பார்த்துக்கிட்டிருந்தாரு. அவ சுடுசோறு சாப்பிட மாட்டேங்கா, நாக்குல புண்ணுங்கா. கொய்யாக்காய் கடிக்கையில பல்லு பட்டுட்டுன்னு சொன்னா. நானும் நம்பினேன்.

அண்ணன் அடுத்து ஒரு பெரிய கன்வென்ஷன் கூட்டம் ஏற்பாடு பண்ணினாரு. சுவர் சுவரா நோட்டீஸ் ஒட்டியாச்சு. அதுல ஜெபாவோட படம், வலிப்பு நீங்கிய சிறுமின்னு. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கல.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நின்னது. மேலப்பாளையத்துல பீடி சுத்துற ஒரு அம்மா, முக்காடு சேலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. அவங்க மடியில என் பிள்ளை.

"கால்வாயில துணி அலசிக்கிட்டிருந்தேன்மா. இந்தப் புள்ள ஆளில்லாத படித்துறையாப் பார்த்து தனியாப் போச்சு. உட்கார்ந்து துண்டை வாயில வச்சுக்கிட்டு. என்னடா இதுன்னு பார்க்கதுக்குள்ள தண்ணிக்குள்ள சரிஞ்சிட்டு. முடியைப் பிடிச்சுத்தான் இழுத்தேன். ஆட்டோக்காரர்தான் இந்த வீட்டுப் புள்ளைன்னாரு. ஏறும்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்!"

துண்டை வாயில வச்சுக்கிட்டு. ஆட்டோவுல எனக்கு எல்லாம் விளங்கிட்டு. வலிப்பு நிக்கல. வரப்போகுதுன்னு அவளுக்கு முன்னாலயே தெரியும், கண்ணு முன்னால மின்னும்னு முன்னாடி சொல்லியிருக்கா. அந்நேரம் ஓடிப் போய் ஒளிஞ்சிருக்கா. குளியலறையில, மாடிப்படிக்குக் கீழே, கால்வாய்க் கரையில. ஒத்தையில கிடந்து துடிச்சு, எழுந்து, முகத்தைக் கழுவிட்டு வந்து என்கிட்ட சிரிச்சிருக்கா.

ஆஸ்பத்திரியில வலிப்பு மேல வலிப்பு வந்தது. பிறகு அசைவே இல்ல. டாக்டர், "மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னது?"ன்னு கேட்டாரு.

சாயங்காலம் அண்ணன் வந்தாரு. பிள்ளையைப் போய்ப் பார்ப்பாருன்னு நினைச்சேன். வராந்தாவுலயே நிறுத்தி, "கூட்டம் முடியுற வரைக்கும் இது வெளிய தெரிய வேண்டாம். ஆண்டவர் நாமத்துக்கு இழுக்கு வந்துரும்"னாரு.

என் வீட்டுக்காரர் எழுந்தாரு. "யாரு நாமத்துக்கு வே? எம்பிள்ள செத்தா ஒம்ம நோட்டீஸைக் கிழிக்கணுமேன்னுதானே ஒமக்குக் கவலை?"

அண்ணன் படியிறங்கிப் போனாரு. ஜெபா படுத்திருந்த அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல.

நான் கட்டில் பக்கத்துல முழங்கால் போட்டேன். ஆண்டவரே, இன்னும் உபவாசம் இருக்கேன், இன்னும்... அதுக்கு மேல வாய் வரல. கழட்ட நகை இல்ல. விட மாத்திரை இல்ல. குடுக்க என்கிட்ட ஒண்ணுமே இல்ல. அந்த பீடிக்கார அம்மா ஈரச் சேலையோட இன்னும் போகாம ஓரமா உட்கார்ந்து, அவங்க முறையில கையேந்தி எதையோ முணுமுணுத்துக்கிட்டிருந்தாங்க. எனக்கு வந்தது ஒரே வார்த்தைதான். "ஏசப்பா, எம்பிள்ள." அவ்வளவுதான் என் ஜெபம். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

மறுநாள் விடிஞ்சு வெயில் ஏறினப்போ ஜெபா கண்ணைத் திறந்தா. என்னைத் தேடினா. உதடு வெடிச்சிருந்தது.

"அம்மா, நான் யார்ட்டயும் சொல்லலம்மா. ஒன் சாட்சி பொய்யாவல."

நான் அவ காலைக் கட்டிக்கிட்டு அலறினேன். நர்ஸ் ஓடி வந்தாங்க. எம்பிள்ளை எனக்காக, என் பேருக்காக, சாகத் துணிஞ்சிருக்கா. அவளைக் காப்பாத்த நான் தேடின விசுவாசம் அவ கழுத்தை நெரிச்சிருக்கு.

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டாரு. கம்மலைப் பார்த்துக் கேட்கல, தாலியைப் பார்த்துக் கேட்கல. ஒண்ணுமில்லாதவ கூப்பிட்டதைக் கேட்டாரு. ஒரு அந்நிய அம்மாவோட கையை நான் கூப்பிடுமுன்னே கால்வாய்க் கரையில வச்சிருந்தாரு. டாக்டரையும் மாத்திரையையும் அவர்தான் குடுத்தாருன்னு இப்போ காலையிலயும் சாயங்காலமும் ஸ்தோத்திரம் சொல்லித்தான் ஜெபாவுக்குக் குடுக்கேன். தாலியைக் கோயில்ல வச்சு என் வீட்டுக்காரரே திரும்பப் போட்டு விட்டாரு.

இதை வாசிக்கிற தாய்மாரே, உங்க கண்ணீரைப் பார்த்து ஒருத்தர் இதைக் கழட்டு, அதை விடு, மேடையில ஏறிச் சொல்லுன்னு ஒண்ணொண்ணாக் கூட்டினா, எழுந்து வந்துருங்க. வெறுங்கையோட ஏசப்பாகிட்டப் போங்க. நான் அப்படித்தான் போனேன், அவர் தள்ளல.

போன வருஷ அசனத்துல மறுபடியும் பந்தியில உட்கார்ந்திருந்தோம். ஜெபா சோத்துல கையை வச்சவ நிமிர்ந்தா. "அம்மா, வருதும்மா"ன்னு எல்லாருக்கும் கேட்க உரக்கக் கூப்பிட்டா. இலையைத் தள்ளிட்டு அவளை மடியில சாய்ச்சேன். இந்தத் தடவை அவ ஒளியல. ஊரே பார்த்துக்கிட்டிருக்க, நான் அவ தலையைத் தடவிக்கிட்டே ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.