நான்கு எலுமிச்சையும் ஆறு மில்லிமீட்டரும்

12.2.2024 — ரி.ம. 18,900.00
6.3.2024 — ரி.ம. 2,350.00
15.3.2024 — ரி.ம. 4.80
23.4.2024 — ரி.ம. 220.00
26.4.2024 — ரி.ம. 71,350.00
27.8.2024 — ரி.ம. 0.00

முதல் தொகை ஒரு மின்சாரக் காருக்குக் கட்டிய முன்பணம். இரண்டாவது, அதற்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டியை வீட்டுச் சுவரில் மாட்டிய செலவு. மூன்றாவது நான்கு எலுமிச்சம்பழங்களின் விலை. ஒன்று ஒரு ரிங்கிட் இருபது காசு. நான்காவது இழுவை லோரிக்குக் கொடுத்தது. ஐந்தாவது, அந்த எலுமிச்சம்பழங்களால் வந்தது. ஆறாவதைச் சொல்வதற்கு முன் கணேசமூர்த்தி யார் என்று சொல்லியாக வேண்டும்.

மலேசியாவில் ரந்தா ஊருக்கு வெளியே பெர்மாய் தோட்டத்தில் 1956இல் பிறந்தவர். 1979 முதல் 2010 வரை முப்பத்தோரு வருடம் அதே தோட்டத்தில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். வேலையை விட்ட அன்று ஆபீசில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் "விபத்து" என்ற இடத்துக்கு நேராக "இல்லை" என்று தட்டச்சாகியிருந்தது. ரந்தாவில் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் குடிவந்தபோது மனைவி நீலாவதி சாமி படங்களை மாட்டினாள். அவர் அந்தச் சான்றிதழை மாட்டினார்.

ஒரே மகள் லோகேஸ்வரி. முப்பத்து மூன்று வயது. சைபர்ஜெயாவில் ஒரு கம்பெனியில் வேலை. போக வர நாளுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். இலட்சத்து எண்பத்தொன்பதாயிரம் ரிங்கிட்டுக்கு மின்சாரக் கார் வாங்கப்போவதாக அவள் சொன்ன அன்று, கணேசமூர்த்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"இந்த வீடே அவ்ளோ வெல இல்லியே பாப்பா."

"பெட்ரோல் காசு மிச்சம்பா. இன்னும் பத்து வருசத்துல எல்லாரும் இதான் ஓட்டுவாங்க. இதான் ஃபியூச்சர்."

"எல்லாரும்னா யாரு? ஒங்க ஆபீஸ்ல உள்ளவங்களா, தோட்டத்துல குல தள்றவனுமா?"

"ஆரம்பிச்சிட்டீங்களா லா!"

மாதத் தவணை 1,887 ரிங்கிட், ஒன்பது வருடம். கணக்கை அவர் இரண்டு முறை கேட்டார். ஆனால் மகள் சம்பாத்தியம், மகள் கையெழுத்து. எழுந்து கை கழுவப் போனார்.

மார்ச் நான்காம் தேதி கார் வந்தது. சத்தமே இல்லாமல் வாசலில் வந்து நின்றது. சமையலறையிலிருந்த நீலாவதிக்குத் தெரியவேயில்லை. வெளியே வந்தவள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, முனீஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுபோக நாள் குறித்தாள். பெர்மாய் தோட்டத்துக்குள், செம்பனைகளுக்கு நடுவே இருந்தது கோயில். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து இருபது வருடமாயிற்று. கோயில் மட்டும் நின்றது.

"அந்த ரோட்டுல இது போவாதும்மா," என்றாள் லோகேஸ்வரி. "அடியில பூரா பேட்டரி. தரையோட ஒட்டி ஓடுற காடி. ஒரு கல்லு பட்டாலும் போச்சு."

"அப்ப வருங்காலத்துல ரோட்டுல கல்லே இருக்காதா?" என்றாள் நீலாவதி. "மோட்டார் சைக்கிள்ல இருந்து கஞ்சில் காடி வரைக்கும் முனீஸ்வரருக்குக் காட்டாம இந்த வீட்ல எந்தச் சக்கரமும் உருண்டதில்ல."

மார்ச் பதின்மூன்றாம் தேதி லோகேஸ்வரி கம்பெனிப் பயிற்சிக்காகப் பஸ்ஸில் பினாங்கு போனாள். அந்தக் காருக்குச் சாவிக்குப் பதிலாக ஓர் அட்டை. அதை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனாள். வெள்ளிக்கிழமை காலை நீலாவதி குளித்துத் தலையை முடிந்துகொண்டு, எலுமிச்சம்பழப் பையோடு வாசலில் நின்றாள்.

"ஏங்க, நீங்க ஓட்டாத ரோடா? கண்ணக் கட்டிவிட்டாலும் போவீங்களே."

உண்மைதான். அந்தச் செம்மண் பாதையின் ஒவ்வொரு மேடும் அவருக்குத் தெரியும். பத்து கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு போனார். கோயிலுக்கு முந்திய வளைவில், மழை அரித்த இடத்தில், ஒரு கருங்கல் தலை நீட்டியிருந்தது. பார்த்துவிட்டார். பார்த்தும், முப்பத்தோரு வருடம் செய்ததையே கை செய்தது. கல்லைக் கண்டால் டயரை ஏற்றக்கூடாது, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுவிட வேண்டும்; லோரிக்காரனுக்கு முதல் பாடம் அதுதான். லோரியின் வயிற்றுக்குக் கீழே ஓர் ஆடு நுழைந்து போகலாம்.

டங்கென்றது. இஞ்சின் சத்தம் இல்லாத காரில் அந்தச் சத்தம் உள்ளங்கால் வழியே ஏறித் தலையில் வந்து நின்றது.

"என்னாங்க அது?"

"கல்லு."

"கல்லுதானே? லோரியில எத்தன கல்லு பாத்திருக்கீங்க."

கோயிலில் ஆறுமுகம் பூசாரி சந்தனம் வைத்து, நான்கு டயருக்கும் அடியில் பழங்களை வைத்தார். கணேசமூர்த்தி காரை நகர்த்தினார். நான்கும் நசுங்கின. "இனிமே ஐயா பாத்துக்குவாரு," என்றார் பூசாரி. கணேசமூர்த்தி செம்மண்ணில் குப்புறப் படுத்து, காருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே நாலு விரல் அகலத்தில் ஒரு பள்ளம்.

வீட்டுக்கு வந்ததும் மகளின் பள்ளிக்கூடத்து அடிக்கோலைத் தேடி எடுத்தார். நீளம் பதினொரு சென்டிமீட்டர். ஆழம் ஆறு மில்லிமீட்டர். நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினார். "பாப்பாகிட்ட நானே சொல்றேன்," என்று மனைவியிடம் சொன்னார்.

லோகேஸ்வரி சனிக்கிழமை மாலை வந்தாள். அவர் சொல்லவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். சொல்லவில்லை. அவள் காரை எடுத்துத் தெருமுனையில் திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தார். அவள் உட்கார்ந்திருப்பது அந்தப் பள்ளத்துக்கு நேர் மேலே என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது.

அதிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு டார்ச்சும் அடிக்கோலுமாகக் காருக்கு அடியில் படுத்தார். ஆழம் பார்ப்பார். புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். மூக்கை வைத்து முகர்ந்தும் பார்ப்பார். ஒரு நோட்டில் குறிப்பார்: 6 மி.மீ., சூடு இல்லை, வாடை இல்லை. ஒருநாள் லோகேஸ்வரி காப்பியோடு வந்து நின்றாள்.

"என்னாப்பா தேடுறீங்க?"

"பூன ஒன்னு உள்ள போச்சு."

"நேத்தும் பூனயா?"

"அதே பூனதான்."

அவள் சிரித்துக்கொண்டே ஏறிப் போனாள். அவர் நோட்டை எடுத்து அன்றைய வரியை எழுதினார்.

ஏப்ரலில் நீலாவதியின் தங்கை கெமாசிலிருந்து கைப்பேசியில் ஒரு வீடியோ அனுப்பினாள். எந்த ஊரோ தெரியவில்லை. நிறுத்தி வைத்த மின்சாரக் கார் தானாகப் புகைந்து, ஒரு நிமிடத்தில் கூரைவரை எரிந்தது. "ஒங்க வீட்டுக் காடி இப்படித்தானா?" என்று கீழே கேட்டிருந்தாள். நீலாவதி இருமுறை பார்த்தாள். கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் சாம்பிராணிச் சட்டியை வாசல் பக்கம் காட்டாமல் பின்கட்டோடு திருப்பிக்கொண்டு போனாள். பயம் அவளுக்கும் வந்துவிட்டதைக் கணேசமூர்த்தி அப்படித்தான் தெரிந்துகொண்டார். துணைக்கு ஆள் கிடைத்தால் பயம் பாதியாகும் என்பார்கள். இவருக்கு இரட்டித்தது.

ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி, சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் தீய்ந்த வாடை அடித்தது. பக்கத்து வீட்டில் குப்பை எரித்தார்கள். ஆனாலும் அவர் போய்ச் சார்ஜர் கம்பியைப் பிடுங்கிவிட்டார். திரும்ப மாட்டவில்லை.

மறுநாள் மாலை ஏழு பத்துக்குக் கைப்பேசி அடித்தது.

"அப்பா, காலையில பாத்தா சார்ஜே ஏறல. சரி, ஆபீஸ்ல போட்டுக்கலாம்னு போனா அங்க ஒரு சார்ஜரும் காலி இல்ல. இப்ப ஸ்கிரீன்ல சார்ஜ் தீரப்போவுதுன்னு ஆம படம் வந்துருச்சு. காடி இழுக்க மாட்டேங்குது. ஹைவேயில ஓரங்கட்டிட்டேன்."

"எறங்கிட்டியா?"

"மழ கொட்டுதுப்பா. உள்ளதான் உக்காந்திருக்கேன்."

"பாப்பா, எறங்கு. இப்பவே எறங்கு. காடிய விட்டுத் தள்ளிப் போயி நில்லு."

"ஏன்பா கத்துறீங்க?"

"அடியில அடிபட்டிருக்கு. நான்தான் அடிச்சேன். கோயில் ரோட்டுல. கல்லு."

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம். அதற்குப் பிறகு, காதருகே உரசிப் போவதுபோல் லோரிகளின் இரைச்சல். இருட்டில், மழையில், நெடுஞ்சாலை ஓரத்தில் மகளை இறக்கி நிறுத்திவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. முப்பத்தோரு வருடம் லோரி ஓட்டியவருக்கு, மழையில் ஓரமாய் நிற்கும் ஆள் லோரிக்காரன் கண்ணுக்குத் தெரியமாட்டான் என்பது தெரியாதா? "கம்பி வேலிக்கு அந்தாண்ட போ, அந்தாண்ட போ," என்று கைப்பேசியில் கத்திக்கொண்டேயிருந்தார். இழுவை லோரி வர ஐம்பது நிமிடம் ஆனது. அந்த ஐம்பது நிமிடமும் அவர் தொடர்பைத் துண்டிக்கவில்லை.

பட்டறையில் தலைமை மெக்கானிக் இராஜமாணிக்கம் காரைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "மூனு மில்லிமீட்டருக்கு மேல உள்ள போயிருந்தா பேட்டரிய மாத்தச் சொல்றாங்கய்யா. இது ஆறு. எழுபத்தோராயிரத்து முந்நூத்தம்பது வெள்ளி. அடிபட்டதுக்கு வாரண்டி கெடையாது."

"மாத்தாம ஓட்டுனா?" என்றாள் லோகேஸ்வரி.

"டெஸ்ட்ல எல்லாம் நல்லாத்தான் காட்டுது. இப்போதைக்கு ஒன்னும் இல்ல."

இப்போதைக்கு. அந்த ஒரு சொல்லைக் கணேசமூர்த்தி வீடுவரை தூக்கி வந்தார்.

இழப்பீடு கோரும் காப்புறுதிப் படிவத்தை லோகேஸ்வரி மேசைமேல் விரித்தாள். "அப்பா, இருவத்தி மூனாந்தேதி அடிபட்டுச்சுன்னு எழுதிருவோம். நான் ஓட்டுனேன்னு எழுதிருவோம். ஒரு வாரத்துக்குள்ள ரிப்போட் பண்ணுனா குடுப்பாங்க."

"அடிபட்டது பதினஞ்சு மார்ச்சு. காலைல ஒம்பது நாப்பது."

"அது யாருக்குப்பா தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"முப்பத்தொம்பது நாளு எங்கிட்ட பூன கத சொன்னவருதானே நீங்க!"

சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்று அத்தனை நாளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தவர், இப்போது அந்தச் சமாதானமும் பூனையோடு போய்விட்டதை உணர்ந்தார். ஆனாலும் பேனாவை வாங்கி, உண்மையான தேதியை எழுதினார். ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். நோட்டின் பதிவுகள் அத்தனையையும் நகலெடுத்து இணைத்தார். லோகேஸ்வரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

காப்புறுதி நிறுவனத்தின் முடிவுக்காகத்தான் நான்கு மாதம் காத்திருந்தார்கள். காப்புறுதி கொடுத்தால் பேட்டரி மாறும். கொடுக்காவிட்டால் மாறாது. மே மாதம் வந்த முதல் கடிதம் தாமதத்துக்குக் காரணம் கேட்டது. ஜூன் கடிதம் தோட்டத்துப் பாதையின் படங்களைக் கேட்டது. அதுவரை கார் வாசலில் துணி போர்த்திக் கிடந்தது. கணவனும் மனைவியும் படுக்கையைப் பின்னறைக்கு மாற்றினார்கள். லோகேஸ்வரி அப்பாவின் பழைய கஞ்சிலில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். ஜூலையில் அதன் கியர்பாக்ஸும் போனது.

"காடி நிக்குது, லோன் ஓடுது," என்றாள் அவள். "லெட்டர் என்னா வந்தாலும் சரி. ஒன்னாந்தேதியிலேருந்து நான் இதைத்தான் ஓட்டப்போறேன்."

"அப்ப நானும் வரேன்."

"எங்க?"

"ஒன்கூட."

ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து கணேசமூர்த்தி தினமும் மகளின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சைபர்ஜெயா போனார். குனிந்து, உள்ளங்கையை மிதியடிக்குக் கீழே தரையில் வைத்துக்கொள்வார். முதல் இரண்டு நாள் அவள் கத்தினாள். மூன்றாம் நாள் அவர் குனிய வசதியாக இருக்கையைப் பின்னால் தள்ளி வைத்திருந்தாள். அவள் வேலை முடியும்வரை அவர் கேண்டீனில் உட்கார்ந்திருப்பார். வழியில் புகைக்குழாய் இல்லாத கார்களை எண்ணுவது பழக்கமாயிற்று. ஒருநாள் பதினேழு. ஒருநாள் இருபத்து மூன்று. பாப்பா சொன்னது சரிதான், எல்லாரும் இதற்குத்தான் வருவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அந்த இருபத்து மூன்று வீட்டிலும் காலையில் யார் அடியில் குனிந்து பார்க்கிறார்கள் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

கடைசிக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. நீலாவதி கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, எண் தெரியும். வாசலிலேயே பிரித்து, எழுபத்தோராயிரத்தைத் தேடி விரலை வரி வரியாக நகர்த்தினாள். இரண்டு பக்கத்திலும் பணமாக இருந்தது ஒரே எண்தான், காப்புறுதி நிறுவனம் தர ஒப்புக்கொண்ட தொகை: 0.00. பேட்டரி மாறப்போவதில்லை. தாளை மடித்துக்கொண்டு, அவர்கள் போன திசையில் தெருமுனையைப் பார்த்து நின்றாள். அதே நேரம் கணேசமூர்த்தி சைபர்ஜெயாவில், கார் நிறுத்துமிடத்து சிமெண்டுத் தரையில் படுத்து அடிக்கோலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டில் எழுதினார்: 6 மி.மீ., சூடு இல்லை, வாடை இல்லை. கடிதம் வந்து சேர்ந்த தேதி 27 ஆகஸ்ட் 2024, செவ்வாய்க்கிழமை.