ஆற்றைக் கடந்து ஓடுகிறவர்

எல்லிங்ஸ்ருட் பேக்கரியில் என்னோடு வேலை செய்த அந்தப் போலந்துக்காரருக்குக் கழுத்து எப்போதும் சிவந்திருக்கும். இடைவேளையில் உட்காரமாட்டார். நின்றபடியே பாணைக் கடித்துக்கொண்டு யாரையாவது திட்டுவார். எங்களுக்குப் பொதுவாக இருந்தது அரைகுறை நோர்வேஜியன்தான். திட்டும்போது மட்டும் அவருக்கு அது சரளமாக வரும்.

ஒருநாள் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்ய ஆட்சியை எதிர்த்து எழுந்தவர்கள் அந்த ஊர் ஆற்றைக் கடந்து பின்வாங்கினார்களாம். அவர்கள் தப்புவதற்காகச் சிலர் பாலத்தடியில் நின்று சுட்டுச் செத்தார்களாம். அதை ஊரார் வருடந்தோறும் மரத்துப்பாக்கிகளோடு நடித்துக் காட்டுவார்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊருக்குள் இராணுவம் வந்தபோது என் அண்ணனும் அப்படிப் பின்னுக்கு நின்று மறித்தவன்தான். திரும்பி வரவில்லை.

"சாவு உங்கட சனத்துக்கு விளையாட்டோ? நீர் ஆராய் நடிக்கிறனீர், செத்தவராயோ?" என்று கத்தினேன்.

அவர் மேசையில் ஓங்கிக் குத்தினார். "இல்லை! செத்தவையாய் நடிக்க நான் முந்தி நீ முந்தி எண்டு ஊரே அடிபடும். ஓடினவையாய் நடிக்க ஒருத்தரும் வரமாட்டினம். அதுதான் ஒவ்வொரு வருசமும் நான் ஓடுறன். சனம் கூவிக்கூவி உருளைக்கிழங்கால எறியுது. விசர்ச் சனம்! பாலத்தடியில செத்த பொடியளுக்கு ஏது பிள்ளை? எறியிற அவ்வளவு பேரும் ஓடினவையின்ர பேரப்பிள்ளையள்!"

மீதிப் பாணை வாய்க்குள் திணித்துக்கொண்டு பாண் வேகும் போறணைப் பக்கம் போய்விட்டார்.

அண்ணன் மறித்த பாதையால் தப்பி வந்தவன் நான். அன்று வீட்டுக் கதவைத் திறந்ததும் மகள்கள் இருவரும் "அப்பா" என்று ஓடிவந்தார்கள். அந்த மனிதர்மீது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அவர் சொன்னதில் பிழை எங்கே என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.